வீட்டு வண்டிதானே

என் நடு மகளுக்குக் கார் ஸ்டாண்டில் 'ஹாரன்' என்று பெயர். ஹாரனே அடிக்காமல் வண்டி ஓட்டுகிறவளுக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஸ்டாண்டில் எப்பேர்ப்பட்ட நக்கல் பேர்வழிகள் இருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாலை நடுவில் ஒரு நாய் படுத்திருந்தால்கூட இறங்கிப் போய் அதனிடம் நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு வருவாளே தவிர, பொத்தானை அமுக்க மாட்டாள். "பேர்ல என்னம்மா இருக்கு, சவாரி வந்தா சரி" என்பாள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள், இதில் அவளுக்கு வேலை இல்லை. நடுவள் இவள். கடைசியாக ஒரு பையன். அவனை எல்லோரும் 'நட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகின வயதில் தையல் மெஷினிலிருந்து கழன்ற ஒரு நட்டை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டான். நான் அப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. நடுவள்தான் தன் தலைமுடிக் கிளிப்பை வளைத்து, அவன் தலையை இடுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த நட்டை வெளியே எடுத்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது அவன் அவள் இடுப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனை நான் பெற்றேன், அவள் வளர்த்தாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

அவளும் என்னோடு சலவைக் கூடத்துக்கே வேலைக்கு வந்தாள். ஒரு நாள் துணி ஏற்றுகிற வேனின் டிரைவர் வயிற்று வலி என்று சுருண்டுவிட்டார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்குத் துணி போயாக வேண்டும். "நான் ஓட்டறேன்" என்று இவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கே எப்போது கற்றுக்கொண்டாள் என்று கேட்டால், "பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன்ல" என்றாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டியரிங்கை அவள் விடவே இல்லை. அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியும் முன்னே போய் மத்தியானம் வந்து தூங்குகிற மனுஷன், நல்ல மனுஷன், எதற்கும் குறுக்கே நிற்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பழைய காரை வாங்கி ஸ்டாண்டில் போட்டாள்.

பழைய கார் என்றால் பழைய கார்தான். அந்த மாதிரி வண்டி இப்போது வருவதே இல்லை. மூக்கு நீளம், கதவைச் சாத்தினால் பீரோ கதவு மாதிரி சத்தம். ஸ்டாண்டில் அதற்குப் 'பெரியவர்' என்று மரியாதை. "என்னக்கா, பெரியவர் எழுந்துட்டாரா? இருமுறாரா?" என்று காலையில் கேட்பார்கள். நட்டு அதற்குள் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். பெரியவரின் உடம்பில் அவன் கை மட்டும்தான் படலாம். அவளுக்குத் தம்பி என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. வண்டியின் இன்னொரு சாவியே அவனிடம்தான் இருந்தது.

அவளுடைய பிழைப்புக்கு அஸ்திவாரம் ஒரே ஒரு சவாரி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மேட்டின் மேலே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மகன் ஆபீசில் வேலை பார்க்கிறவர், கூடப் போக முடியாது. அதனால் என் மகள் கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, கைத்தாங்கலாக இறக்கி வீட்டில் விட்டுவிட்டு வருவாள். மற்ற சவாரிகள் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. டீச்சரம்மா சவாரி அப்படி இல்லை, வீட்டு அடுப்பு எரிவதே அதில்தான்.

அந்த ஏற்றத்தில்தான் முதல் தடவை வண்டி கொதித்தது.

பாதி மேடு ஏறியதும் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டினாள். உள்ளே ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டாள். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வண்டிக்குள்ளே இழுத்துக்கொள்ளுமாம், டிரைவர்கள் செய்கிற வேலை அது. வெயில் வேளையில் ஹீட்டரும் ஓடினால் எப்படி இருக்கும்? டீச்சரம்மா துண்டால் விசிறிக்கொண்டே, "என்னடி, உன் பெரியவருக்கும் ஜுரமா? என் பக்கத்துலயே ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா?" என்றார்களாம். நல்ல மனசு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர்களுடைய மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவர்கள் கால் வீங்கிவிட்டது.

இவள் நேராகத் தம்பி ஷெட்டுக்குப் போனாள்.

"தெர்மோஸ்டாட்டா இருக்கும்க்கா" என்றான் நட்டு. தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடுகிற சின்ன வால்வாம் அது. மாற்றினான். ஊருக்குள் ஓட்டினாள், முள் அசையவில்லை. மேடு ஏறினாள், மறுபடியும் ஆவி.

"பெல்ட் தளர்ந்திருக்கு." பெல்ட்டை மாற்றினான். ஊருக்குள் நல்லபிள்ளை. மேட்டில் ஆவி.

"தண்ணி பம்ப் போயிருக்கும்." பம்பை மாற்றினான். அதே கதை.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க. உன் பெரியவர் எதைத் தின்னாரோ, இப்படிக் குடிக்கிறாரு" என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. டிக்கியில் தண்ணீர்க் கேன்களாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மாவின் மகன் மரியாதையான ஆள். வீட்டு வாசலில் நின்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு உங்களை விட்டா வேற யாரும் பிடிக்காது. ஆனா மெஷின் நேரம் தவறினா என்ன ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னொரு தடவை நடு ரோட்டுல நின்னா நான் வேற வண்டிதான் பார்க்கணும்."

"நிக்காதுங்க" என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்கிறீர்கள்? தம்பி இருக்கிற தைரியத்தில்தான்.

தம்பியோ இந்தத் தடவை வேறு ராகம் பாடினான். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்க்கா. எஞ்சினையே பிரிக்கணும். இந்த வயசான வண்டிக்கு அது தண்டச் செலவு. பேசாம வித்துடு, நான் ஆள் பார்க்கறேன்."

வித்துடு என்ற வார்த்தைதான் அவளைக் குத்திவிட்டது. மறுநாள் சவாரி இல்லை. காலையில் வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்பேனரும் துணியுமாக இறங்கினாள்.

"நட்டு வரலையா?"

"அவனுக்கு வேலை. நானே பார்க்கறேன். அம்மா, பால் காய்ச்சற பாத்திரம் ஒண்ணு கொடு."

"எதுக்குடி?"

"கொடேன்."

எஞ்சினிலிருந்து அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டாள். கிரீஸ் பிடித்த சாமான், என் பால் பாத்திரம்! நான் கத்தினேன். "சும்மா இரும்மா, பாரு பாரு" என்றாள். தண்ணீர் சூடேறிக் கொதிக்கப் போகிற நேரத்தில் அந்த மூடி மெதுவாக வாயைத் திறந்தது. குளத்து மீன் மாதிரி. எனக்கே கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"திறக்குது. அப்ப இதுல பழுது இல்ல" என்று அவள் விரலை மடக்கினாள்.

அதைத் திரும்ப மாட்டினாள். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியைக் கிளப்பினாள். என்னை அருகில் நிறுத்தி, "குமிழ் வருதா பாரு" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். ஆவியோடு பழகியவள் நான், கொதிக்கிற தண்ணீரின் முகம் எனக்குத் தெரியும். தண்ணீர் சும்மா கிடந்தது. கேஸ்கட் போயிருந்தால் எஞ்சின் காற்று தண்ணீரில் புகுந்து குமிழ் குமிழாக வருமாம். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காப்பி மாதிரி இருக்க வேண்டும். சுத்தமாக, கறுப்பாக இருந்தது.

"கேஸ்கட்டும் இல்ல." இன்னொரு விரல்.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் டீ கொடுத்தேன்.

"அம்மா, யோசிச்சுப் பாரு. நெரிசல்ல மணிக்கணக்கா நிக்கறேன், அப்பக் கொதிக்கல. நிக்கும்போது ஃபேன்தான் காத்து கொடுக்கும். அப்ப ஃபேன் நல்லாருக்கு. மேடு ஏறும்போது எஞ்சின் மூச்சு முட்ட வேலை செய்யுது, அப்பத்தான் கொதிக்குது. சூட்டை எடுத்துட்டுப் போற தண்ணி போதலைன்னுதானே அர்த்தம்? பம்ப் புதுசு. அப்ப எங்க அடைக்குது?"

"என்னைக் கேட்டா? எனக்கு இஸ்திரிப் பெட்டி தெரியும்."

"இஸ்திரிப் பெட்டியில ஆவி வர்ற ஓட்டை அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?"

"கையை வச்சுப் பார்ப்பேன். எந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கோ அந்தப் பக்கம் அடைப்பு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் வண்டியை நன்றாகச் சூடேறவிட்டு அணைத்தாள். முன்னால் குனிந்து ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை ஓட்டினாள். ஒரு பக்கம் கை வைக்க முடியவில்லை. நடுவைத் தாண்டியதும் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரே உடம்பில் பாதி ஜுரம், பாதி பிணம்.

அந்த ரேடியேட்டர் போன வருஷம்தான் புதிதாகப் போட்டது. அடைக்கிற வயசே இல்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"டேய், ரேடியேட்டர்ல பாதி சில்லுன்னு கிடக்குடா."

"அது புதுசுக்கா. அதுல என்ன இருக்கப் போகுது? கேஸ்கட் போனாலும் அப்படித்தான் இருக்கும். நீ குழப்பிக்காத."

"குமிழ் வரலையே."

"எல்லா நேரமும் வராதுக்கா. நான் இத்தனை வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா? நாளைக்கு மெதுவா ஏறு, ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் நான் பிரிச்சுப் பார்க்கறேன்."

போனை வைத்துவிட்டு, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். தன் உள்ளங்கை சொன்னதை விட்டாள், தம்பி வாய் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் மெதுவாகத்தான் ஏறினாள். பின்னால் வந்தவன் எல்லாம் திட்டிக்கொண்டு போகிற அளவுக்கு மெதுவாக. கடைசி வளைவில் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் முழுவதும் ரோட்டில் ஓடிவிட்டது. டீச்சரம்மாவை வழியில் போன ஒரு பால் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் ஏறும்போது இவள் கையைப் பிடித்து அழுத்தினார்களாம். மகன் சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? பெற்ற தாய் அல்லவா?

சவாரி யாருக்குப் போயிற்று தெரியுமா? அதே ஸ்டாண்டில், அதே மாதிரி பழைய வண்டிக்கு. அந்த ஜாதி வண்டி ஸ்டாண்டில் இரண்டே இரண்டுதான். இன்னொன்று ஒரு காண்டிராக்டருடையது. அவரிடம் அரை டஜன் வண்டிகள். இந்தப் பழசை ஓட்டுகிறவனுக்கு 'மொட்டை' என்று பெயர், உண்மையிலேயே மொட்டை. வாய் நீளம், மனசு சுத்தம். டீச்சரம்மாவுக்குத் தாழ்வான புது வண்டிகளில் ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்காது, அதனால் இந்த மாதிரி உயரமான வண்டிதான் வேண்டும்.

மொட்டைக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடம். ஒரு நாள் ஸ்டாண்டில் தானே வந்து பேச்சுக் கொடுத்தான்.

"அக்கா, நான் ஒண்ணும் தட்டிப் பறிக்கல. அவங்களாத்தான் கேட்டாங்க."

"எனக்குத் தெரியும்டா. அம்மாவைப் பார்த்து இறக்கு. இடது முட்டிதான் அவங்களுக்கு வலி."

"சரிக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். என் வண்டியும் உன்னோடது மாதிரிதான் கொதிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு, உன்னோடது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. உன் தம்பிகிட்ட விட்டோம். ஒரே நாள்! இப்ப மேட்டுல டாப் கியர்ல போனாலும் முள்ளு தூங்குது. கை வச்சான் பாரு, ராசியான கைக்கா. வா, வந்து பாரேன்."

பானெட்டைத் தூக்கிக் காட்டினான். அவள் சும்மா, அவன் மனசு நோகக்கூடாதே என்று எட்டிப் பார்த்தாள்.

போன வருஷம் புது ரேடியேட்டர் போட்ட கொஞ்ச நாளிலேயே ஒரு லாரி தெறித்துவிட்ட கல் அவள் வண்டியில் பட்டு, கீழ் மூலையில் ஒழுகியது. ஈயம் வைத்து அடைத்தார்கள். அடைத்த இடம் வழிந்து, பட்டாணி அளவில் உருண்டையாக நின்றுவிட்டது. கல் பட்ட இடத்தில் நெளிந்துபோன தகடுகளை அவளே வாசலில் உட்கார்ந்து, கிளிப்பால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். சாய்வாகத்தான் நிமிர்ந்தது, அவள் இடது கைக்காரி.

மொட்டையின் வண்டியில், கீழ் மூலையில், அந்த ஈய உருண்டை இருந்தது. பக்கத்தில் சாய்ந்த தகடுகள்.

"என்னக்கா, அப்படியே நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு" என்றாள்.

பெரியவரிடம் வந்தாள். சாவி நுனியால் தன் ரேடியேட்டரைச் சுரண்டினாள். கறுப்புப் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் பச்சை பூத்த கிழட்டுப் பித்தளை. பிரேக் வேலைக்கென்று தம்பி ஷெட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்த சவாரியில்தான் முதல் தடவை கொதித்தது.

அவனை என் வீட்டுக்கு வரச் சொன்னாள். வந்தான். வழக்கம்போல வாசலிலேயே, "அம்மா, டீ இருக்கா?" என்றான். ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

"என் ரேடியேட்டர் எங்கடா?" என்றாள் அவள்.

"வண்டியிலதான் இருக்கு."

"யார் வண்டியில?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையின் பொய்யைக் கண்டுபிடிக்கத் தாய்க்குப் பூதக்கண்ணாடியா வேண்டும்?

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"அந்தக் காண்டிராக்டர் நாளைக்குள்ள வண்டி வேணும்னு நின்னாருக்கா. சரியா பண்ணிக் கொடுத்தா அத்தனை வண்டியையும் என்கிட்டயே விடறேன்னாரு. இந்த மாடலுக்கு ரேடியேட்டர் எங்க தேடியும் கிடைக்கல. உன் வண்டி ஷெட்ல நின்னுச்சு. நாலு நாளைக்குத்தான்னு எடுத்தேன். கிடைச்சதும் மாத்திடலாம்னு…"

"அவங்க வண்டியோட அடைச்சுப் போன பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு எனக்கு மாட்டினியா?"

"வீட்டு வண்டிதானேக்கா!" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான். "வெளி ஆள் வண்டியில கை வைக்க முடியுமா? உரிமை இருக்குன்னுதானே உன்னோடதுல எடுத்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எடுத்ததை விடு. வேணும்டா அக்கான்னு கேட்டிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேன், ஒரு வாரம் வண்டியை நிறுத்திட்டு வீட்டுல படுத்திருப்பேன். தெர்மோஸ்டாட் மாத்தினியே, அது எதுக்கு? பம்ப் எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ தினம் வந்து நின்னியே. எதையாவது மாத்தணுமே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் இருந்த கரண்டியால் நாலு போடலாம் என்றும் வந்தது.

"அப்புறம் அன்னைக்குப் போன் பண்ணி, பாதி சில்லுன்னு இருக்குன்னு சொன்னேனே. கண்டுபிடிச்சுட்டேன்ல? அப்பவாவது சொல்லியிருக்கலாமே. மெதுவா ஏறு, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே. பின் சீட்டுல யாரை வச்சுக்கிட்டு ஏறப் போறேன்னு உனக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் ஆகலையேக்கா."

அதுதான் அவன் சொன்ன பதில். ஒன்றும் ஆகவில்லையாம்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இன்னைக்கே போய் அதைக் கழட்டிக் கொண்டுவந்து இவ வண்டியில மாட்டற. இல்லன்னா இந்த வீட்டுப் படியை மிதிக்காத" என்றேன்.

"வேணாம்மா" என்றாள் நடுவள்.

"என்னடி வேணாம்?"

"டீச்சரம்மா இப்ப அந்த வண்டியிலதான் போறாங்க. நாளைக்குக் காலைல மெஷின். அதைக் கழட்டிட்டா அவங்க எதுல போவாங்க? பாதி செத்த ரேடியேட்டரோட மொட்டை ஏத்துவானா?"

அப்போது நட்டுவின் தோள் மெல்ல இறங்கியது. நிம்மதி! அவன் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "அதான்க்கா, நீ சொல்றது சரி. இருக்கட்டும். நான் உனக்கு வேற பார்த்துத் தர்றேன்" என்று டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தான். அவளும் அந்த நிம்மதியைப் பார்த்தாள். ரேடியேட்டர் போனதற்குக்கூட அவள் கண் கலங்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் வண்டிச் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? வச்சுட்டுப் போ."

"அக்கா…"

"வச்சுட்டுப் போடா."

வளையத்திலிருந்து அதைக் கழற்ற அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எத்தனையோ வண்டிகளைப் பிரித்த விரல்.

அதன் பிறகு அவள் பெரியவரை ஊரின் இன்னொரு கோடியில் உள்ள ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். தெரியாத ஆள். நம்பர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம், ஊரில் எல்லோரையும் போல. அந்த ஆள் ரேடியேட்டரைத் திறந்து காட்டினான். உள்ளே குழாய்களில் துரு சேறு மாதிரி இறுகிக் கிடந்தது. கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிக் கொடுத்தான். வேலை நடக்கும்போது அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறாள். "என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவன் கேட்டானாம். "உங்க மேலன்னு இல்லைங்க" என்றாளாம்.

நட்டு சொன்னபடி எங்கேயோ ஒரு ரேடியேட்டர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். அவள் வாங்கவில்லை. என் வாசல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். இன்னும் அங்கேதான் இருக்கிறது, துடைப்பத்தைச் சாய்த்து வைக்க வசதியாக இருக்கிறது. அவன் வருவான், நான் சாப்பாடு போடுவேன், என் பிள்ளைதானே, தட்டில் எதுவும் குறைக்க மாட்டேன். "அக்கா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்பான். "அதை அவகிட்டக் கேளு" என்பேன். கேட்க மாட்டான். "நீயாவது சமாதானம் பண்ணி வைக்கக் கூடாதா?" என்று மூத்தவள் போனில் அழுகிறாள். நான் எதற்குப் பண்ண வேண்டும்? உடைத்தவனுக்கு ஒட்டத் தெரியாதா? மெக்கானிக்தானே!

இதில் இன்னொன்று உண்டு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மொட்டையிடம் சொல்லவில்லை, டீச்சரம்மாவின் மகனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சவாரி அன்றைக்கே திரும்பி வந்திருக்கும். நட்டுவின் ஷெட்டில் அதற்குப் பிறகு எவனும் வண்டி விட்டிருக்க மாட்டான், அதுவும் நடந்திருக்கும். "போகட்டும்மா, அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றாள். இவள் பெயர் கெட்டது, அவன் பெயர் நின்றது. ஸ்டாண்டில் இன்றைக்கும் 'ஹாரன் வண்டி கொதிக்கும்' என்றுதான் பேச்சு.

வண்டி சரியான பிறகு, மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். காலி வண்டியில் பாரம் இருக்காது, சரியாகத் தெரியாது என்று என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டாள், கூடவே டிக்கி நிறையத் தண்ணீர்க் கேன்கள். "நான் என்ன மாவு மூட்டையா?" என்றேன். "அதை விடக் கனம்" என்றாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்.

ஏறினோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, குழாய் பிய்த்துக்கொண்ட கடைசி வளைவு. நான் முன்னால் சாய்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஓரங்கட்டினாள்.

"சொன்னேன்ல" என்றாள். யாரிடம் என்ன சொன்னாளோ.

அப்போது கேட்டிலிருந்து மொட்டையின் வண்டி வெளியே வந்தது. பின் சீட்டில் டீச்சரம்மா, கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தார்கள். மெஷினிலிருந்து வந்தால் அப்படித்தான் அசந்துவிடுவார்கள். எங்களைப் பார்க்கவில்லை. மொட்டை பார்த்துவிட்டான். வேகத்தைக் குறைத்து, அவர்கள் தூக்கம் கலையாமல் குரலை அடக்கிக் கேட்டான்.

"அக்கா! பெரியவர் மேட்டுக்கு வந்துட்டாரே! நட்டு சரி பண்ணிட்டானா?"

"ம், சரியாயிடுச்சு."

"நான் சொல்லல? ராசியான கை!"

அந்த வண்டி ஒரு பொட்டு ஆவி இல்லாமல் இறக்கத்தில் இறங்கிப் போயிற்று. வளைவில் மறையும் வரை பார்த்தாள்.

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று இறங்கினாள். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் நின்றாள். எனக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கேனை எடுக்கவில்லை. சூடாக இருக்கிற ரேடியேட்டர் மூடியை அவள் ஒரு நாளும் திறக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். கதவைத் திறந்து போகலாமா என்று கையை வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பானெட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா" என்று வண்டியைக் கிளப்பினாள்.